நன்றி சொல்வதில் எங்கே சறுக்குகிறோம்?

"எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸ்ங்க." மண்டப வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இதையே சொன்னால், ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்த்தவரும் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போகிறவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். உழைத்தவர் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார். அடுத்த விசேஷத்துக்குப் பந்தி நேரத்துக்குத்தான் வருவார்.

அவர் என்ன செய்தார், அதற்காக எதை விட்டுவிட்டு வந்தார், அதனால் என்ன நடந்தது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பதைத்தான் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம். "அண்ணா, பருப்பு பத்தலைன்னதும் கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு நீங்களே செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடுனீங்க. கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பாருக்குக் குறை வரலைங்க." இவ்வளவு போதும். "நீங்கதான் தெய்வம்" என்று ஏற்றினால் மனுஷன் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்.

"எனக்கு நிம்மதியாச்சு, என் மானம் தப்பிச்சுது" என்று நம் பக்கத்தையே பேசிக்கொண்டிருப்பதும் சரியில்லை. உளவியல் ஆய்வாளர் சாரா ஆல்கோ குழுவினர் தம்பதிகளிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் கிடைத்த பலனைச் சொன்னதைவிட, செய்தவரைப் பாராட்டிச் சொன்ன நன்றிதான் கேட்டவரின் மனதைத் தொட்டது.

நாள் கடந்துவிட்டதே என்று சொல்லாமல் விடுவது அடுத்த தவறு. ஆய்வாளர்கள் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குகிறவருக்கு வரும் சங்கடத்தை அதிகமாகவும் சந்தோஷத்தைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். ஆறு மாதம் ஆனாலும் போன் போடுங்கள். அதே போனில் "அப்புறம் இன்னொரு சின்ன உதவி" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பணம் கொடுப்பதில்தான் குழப்பம் அதிகம். ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் டயர் பஞ்சராகிறது. பைக்கில் வந்தவர் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, ஸ்டெப்னியை மாட்டித் தருகிறார். கைக்கரியைத் துடைக்கும் முன்பே 500 ரூபாயை நீட்டினால் அவர் செய்த உதவி கூலியாகிவிடும். முதலில் கைகழுவத் தண்ணீர் ஊற்றுங்கள், பெயர் கேளுங்கள். அதேசமயம், எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர் உங்களுக்காக அரை நாள் வேலையை விட்டிருந்தால், வெறும் வாய்வார்த்தையோடு அனுப்புவதும் நியாயமில்லை. "உங்க வேலை கெட்டுப்போச்சு, இது அதுக்குங்க" என்று காரணம் சொல்லிக் கொடுங்கள். நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள்.

ரத்தம் கொடுத்தவருக்குப் பணம் தரவே கூடாது. விலைக்கு ரத்தம் வாங்குவது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை. அவரை வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று நான்கு நாள் கழித்துச் சொல்லுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் ஆகும்வரை மறுபடி கூப்பிட்டுத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே அதைவிடப் பெரிதாக நிரப்பி அனுப்புவதுதான் கோளாறு. கடனை உடனே கழித்துவிட்ட மாதிரி இருக்கும். நாலு எலுமிச்சையோ ஒரு கை சர்க்கரையோ போதும்.

பொருளாகக் கொடுப்பதென்றால் வாங்குகிறவர் வீட்டை நினைத்து வாங்குங்கள். கூடை முழுக்கப் பழுத்த மல்கோவா கொடுத்தால் சின்னக் குடும்பத்தில் அழுகித்தான் போகும். பாதி பழம், பாதி செங்காயாகப் பொறுக்குங்கள். சர்க்கரைக்காரர் இருக்கிற வீடா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஏற்காட்டிலிருந்து காபித்தூள் வாங்கினால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், அரைத்த தூளில் மணம் நாளுக்கு நாள் இறங்கும். சிக்கரி கலந்ததா, கலக்காததா என்பதைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். அதில் எல்லோருக்கும் பிடிவாதம் உண்டு.