சோயா அறுவடையும் சுவரேறும் பொறிவண்டும்

இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் போல சோயா வயல் சூழ்ந்த ஊரில் குடியிருக்கிறீர்களா? அக்டோபரில் அறுவடை முடிந்து, முதல் குளிருக்குப் பின் வெயில் அடிக்கும் நாளில் தெற்கு, மேற்குச் சுவர்களைப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பொறிவண்டுகள் மொய்க்கும். சோயாச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று பெருகிய ஆசியப் பொறிவண்டுகள் இவை. தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டையில் ஆங்கில எம் எழுத்துப் போல கறுப்புக் குறி இருக்கும். குளிர்காலத்தைக் கழிக்க இடம் தேடி வருகின்றன.

செப்டம்பர் முடிவதற்குள் அடைப்பு வேலையை முடித்துவிடுங்கள். ஜன்னல் சட்டம், கேபிளும் குழாயும் நுழையும் துளை, கூரை விளிம்பு என 3 மி.மீ.க்கு மேலான இடுக்கு எல்லாவற்றிலும் சீலன்ட் பூசுங்கள். காற்றுத் துவாரத்தை மூடாமல் நெருக்கமான வலை கட்டுங்கள். கதவின் அடிப்பட்டையையும் மறக்க வேண்டாம். பலரும் விடுவது அதைத்தான்.

உள்ளே வந்துவிட்டால் நசுக்காதீர்கள். மஞ்சள் திரவம் கசிந்து நாறும், திரைச்சீலையில் கறை படியும். வேக்கம் கிளீனர் குழாயின் வாயில் நைலான் ஸ்டாக்கிங்கைச் செருகி, விளிம்பை வெளியே மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். வண்டுகள் அதில் சிக்கும். இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்பே ஸ்டாக்கிங்கை உருவி முடிச்சிட்டு, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வீட்டுக்குள் மருந்தடிப்பது வீண். சுவருக்குள் செத்துக் கிடக்கும் வண்டுகளைத் தின்னக் கம்பள வண்டுகள் வந்து சேரும். அவை கம்பளித் துணியையும் விட்டுவைக்காது.