தென்னை ஈர்க்கில் ஒரு வாசல் விளக்குமாறு

மட்டை பழுத்து விழுந்த அன்றே எடுத்துவிடுங்கள். நாளானால் ஈர்க்கு மொடமொடவென்று ஒடியும், அடுப்புக்குத்தான் ஆகும்.

ஓலையின் அடியைப் பிடித்துக்கொண்டு, ஈர்க்கை ஒட்டிக் கத்தியை நுனிவரை இழுத்தால் ஓலை நாடாவாகக் கழன்று வரும். மறுபக்கமும் அப்படியே. அப்புறம் 2 நாள் வெயில்.

கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஈர்க்குகளைச் சேர்த்துப் பிடித்து, அடியைத் தரையில் தட்டிச் சமப்படுத்துங்கள். கயிறு சீக்கிரம் தளரும். நான் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, முழு பலத்தோடு இழுத்துச் சுற்றுவேன். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். பிறகும் ஈர்க்கு உருவி வந்தால், கூராகச் சீவிய குச்சி ஒன்றை அடியின் நடுவில் அடித்து இறக்குங்கள், கட்டு இறுகிவிடும்.

தேய்ந்து கட்டையானதும் வீசாதீர்கள். துவைக்கிற கல்லில் படியும் பாசியைத் தேய்க்க அதுதான் சரி.