திருப்பூரில் இருந்துகொண்டே அமெரிக்காவில் எந்தக் கட்சிக்கும் சேராத நடுவாந்தர ஓட்டைக் கணிப்பது எப்படி?

2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி வந்ததிலிருந்து எங்கள் பனியன் கம்பெனி டீ நேரத்தில் டிரம்ப் பேச்சுத்தான். நான் மெர்ச்சண்டைசர். என் வழி இதுதானுங்க.

முதலில் நாடு முழுக்க எடுத்த கணிப்பைத் தள்ளி வையுங்கள். எப்படியும் கமலாவுக்குத்தான் என்றிருந்த கலிபோர்னியாவை நம்பி எங்கள் கட்டிங் மாஸ்டர் 2024-ல் அவர் மேல் பந்தயம் கட்டி, ஒரு வாரம் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா, எந்தப் பக்கமும் சாயக்கூடிய இந்த ஏழு இழுபறி மாநிலங்கள் போதும். 2020-ல் ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்தது 11,779 ஓட்டில். 2024-ல் ஏழும் டிரம்புக்கு.

அப்புறம், ‘எந்தக் கட்சியும் இல்லை’ என்பவரை அப்படியே நம்பாதீர்கள். ‘காலப்’ (Gallup) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘சரி, எந்தப் பக்கம் சாய்வு?’ என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு கட்சியைச் சொல்லிவிடுவார்கள். நம்மூரில் ‘பார்க்கலாங்க’ என்பவரும் அப்படித்தானே! அந்த இரண்டாவது பதிலைத் தேடிப் படியுங்கள்.

வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்கட்டத் தேர்தலையும் கவனியுங்கள். பென்சில்வேனியாவில் கட்சிக்காரராகப் பதிந்தவருக்கே அதில் ஓட்டு. நடுவில் நிற்பவர் வேடிக்கைதான் பார்க்கணும். அலாஸ்காவில் கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ஓட்டுச் சீட்டு, முதல் நாலு பேர் அடுத்த சுற்றுக்கு. சொந்தக் கட்சியே எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி 2022-ல் அங்கே கரையேறினார்.

நம்மிடம் பனியன் வாங்கும் அமெரிக்க பையரிடம் மட்டும் கட்சி கேட்காதீர்கள். முட்டை விலை கேளுங்கள், மீதியை அவரே சொல்வார்.