பெயர் அழகாத்தான் இருக்கு, அர்த்தம் யார் சொன்னது?

ஆரவ் என்ற பெயரை இணையத்தில் தேடினால் பட்டியலுக்குப் பட்டியல் 'அமைதியானவன்' என்று போட்டிருப்பார்கள். சமஸ்கிருத அகராதியைத் திறந்தால் ஆரவம் என்றால் ஓசை, கூச்சல், அலறல். நாம் சொல்லும் ஆரவாரத்தை நினைத்துக்கொண்டாலே புரிந்துவிடும். கைக்குழந்தைக்கு எந்த அர்த்தம் பொருந்தும் என்பது ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கே தெரியும், அதனால் பெயரைக் குறை சொல்லவில்லை. பட்டியலை நம்பியதுதான் தவறு.

வித்தியாசமான பெயர் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு தளத்தில் யாரோ எழுதிய அர்த்தத்தை இன்னொரு தளம் அப்படியே எடுத்துப் போட, பத்து இடத்தில் பார்த்ததும் நமக்கு அது உண்மையாகவே தோன்றிவிடுகிறது. முதலில் அது எந்த மொழிச் சொல் என்று கேளுங்கள், அப்புறம் அந்த மொழியின் அகராதியில் பாருங்கள். சமஸ்கிருதத்துக்கு 1899-ல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஐந்து நிமிட வேலை. பட்டியல் சொல்லும் மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லையென்றால், அர்த்தத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒலி ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது. இத்தாலியப் பெயரான கியாரா 'ஒளி மிகுந்தவள்', 'தெளிவானவள்'. அயர்லாந்தில் கீரா என்று ஒரு பெயர் உண்டு, அது 'கருநிறத்தவள்'. ஆங்கில எழுத்துகளில் பார்க்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே பெயருக்கு வெளிச்சம், இருட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். சமர் என்றால் அரபியில் இரவில் உட்கார்ந்து பேசும் பேச்சு, எவ்வளவு அழகு! தமிழ்க் காதுக்கு அது போர். அமாயா பாஸ்க் மொழியில் 'முடிவு'. சமஸ்கிருதமாக எடுத்துக்கொண்டால் மாயை இல்லாதவள், வஞ்சம் இல்லாதவள். எந்தப் பொருளில் வைக்கிறீர்கள் என்பதை நீங்கள் முடிவுசெய்தால் சரி, ஆனால் இரண்டையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சங்க இலக்கியத்தில் பெயர் தேடுவது எனக்குப் பிடித்த வேலை. இளவெயினி, ஆதன், ஓரி எல்லாம் இன்றைக்கும் புதிதாக ஒலிக்கின்றன. ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிடக் கூடாது. நன்னன் என்ற பெயரில் நன்மை இருப்பதுபோலக் கேட்கும். குறுந்தொகை 292-ல் பரணர் அவனைப் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்கிறார். ஆற்றில் மிதந்து வந்த ஒரு பசுங்காயைத் தின்ற குற்றத்துக்காக, எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு பெண்ணைக் கொன்றவன். மலைபடுகடாம் கொண்டாடும் தலைவன் பெயரும் நன்னன்தான் என்பது வேறு விஷயம், அவனை நினைத்து வைத்தேன் என்று நீங்கள் சொல்லலாம், கேட்கிறவர் எந்த நன்னனை நினைப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.

நச்செள்ளையின் கதை நேர் எதிர். நக்கீரன், நப்பின்னை என்பவற்றில் உள்ள அதே 'ந' என்ற சிறப்பு முன்னொட்டுதான் இதிலும், ஒரு பெண்பாற் புலவரின் பெயர், பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் 'நச்சு' என்றுதான் காதில் விழும்.

அதற்காகத் தோண்டிக்கொண்டே போகவும் கூடாது. காந்தள் கிழங்கு விஷம் என்று அந்தப் பெயரை நான் அடிக்க மாட்டேன், பெண்ணின் மெல்லிய விரல்களைக் காந்தளுக்கு ஒப்பிட்ட பாட்டுகள் இருக்கின்றன, அது போதும். சிசிலியாவின் வேர் 'குருடு' என்ற லத்தீன் சொல், கிளாடியாவின் வேர் 'நொண்டி'. யாருக்கு இன்று அது கேட்கிறது? வேர் மறந்துபோன பெயரை வைக்கலாம். நாம் தினமும் பேசும் மொழியில் உறுத்துகிற பெயரைத்தான் யோசிக்க வேண்டும்.

புதிதாகப் பெயர் உண்டாக்குவதும் தவறே இல்லை. வனெஸ்ஸா என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி ஒருத்தியின் பெயரிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டவைத்தது. 'இரண்டு பெயரைச் சேர்த்து நாங்களே வைத்தோம்' என்று சொல்ல வெட்கப்பட்டு, அதற்கு 'பழைய கிரேக்கத்தில் வானதேவதை' என்று பொய்யாக ஒரு பூர்விகம் சொல்வதுதான் வேண்டாத வேலை.

எழுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலா, நீலா இரண்டுமே ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படலாம். யாழினியின் ழகரத்தை ஒருவர் இப்படி எழுதுவார், இன்னொருவர் அப்படி. பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் முன்பே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் அதையே போடுங்கள். வெளிநாட்டில் பதிவுசெய்கிறவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்: ஐஸ்லாந்தில் அங்கீகரித்த பட்டியலில் இல்லாத பெயர் ஒரு குழுவுக்குப் போகும், அவர்கள் மொழியின் வேற்றுமை உருபை அந்தப் பெயர் ஏற்குமா என்றுகூடப் பார்ப்பார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் தப்ப முடியாத ஒன்று உண்டு. 2014-ல் அமேசானின் குரல் உதவியாளர் அதே பெயரில் வருவதற்கு முன்னால் மகளுக்கு அலெக்சா என்று பெயர் வைத்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.