அலமாரியில் ஏழு, கணினியில் இரண்டு

தை பிறக்கப் போகிறது என்றால் மதுரைப் பக்கத்து நூலகங்களில் ஜல்லிக்கட்டுப் புத்தகம் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். நூலகப் பட்டியலில் ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பை நான் போடத் தொடங்கிய புதிதில், ஒரு மாணவர் கணினியில் 'ஜல்லிக்கட்டு' என்று தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டுதான் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அலமாரியில் ஏழு இருந்தன. மற்ற ஐந்தும் 'ஏறுதழுவுதல்', 'மஞ்சுவிரட்டு' என்று சிதறிக் கிடந்தன. அட்டையில் இருந்த சொல்லையே தலைப்பாகப் போட்டவன் நான்தான்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது. சிதறிக் கிடந்த அந்த ஐந்து புத்தகங்களுக்கும் அன்று வாசகர் கிடைக்கவில்லை. ஒரு சொல்லை நிலையாக வைத்துக்கொண்டு, ஏறுதழுவுதல் என்று தேடுபவரை அங்கே அனுப்ப 'ஜல்லிக்கட்டு காண்க' என்று போட்டிருக்க வேண்டும். மஞ்சுவிரட்டு கொஞ்சம் வேறு. அதைத் தனித் தலைப்பாகவே வைத்து, தொடர்புள்ள தலைப்பைக் காட்டும் 'மேலும் காண்க' போட்டால் போதும்.

அட்டையை நம்பினால் இன்னொரு வம்பும் உண்டு. மதுரைக்காஞ்சியைக் காஞ்சிபுரத்தில் சேர்த்துவிடலாம்! அந்தக் காஞ்சி ஊரில்லை, நிலையாமையைச் சொல்லும் திணை. உள்ளே நாலு பக்கமாவது புரட்டாமல் தலைப்பு போடாதீர்கள்.

கீழடி பற்றிய நூலை வெறும் 'தமிழக வரலாறு' என்று போடுவதும் ஒன்றுதான், போடாமல் விடுவதும் ஒன்றுதான். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே அலமாரி பிதுங்குகிறது. 'கீழடி – அகழாய்வு' என்று குறுக்குங்கள். ஊர் சிவகங்கை மாவட்டம்தான். ஆனால் மதுரை என்று தேடுபவருக்கும் ஒரு வழி வையுங்கள்.

தட்டச்சுத் தவறுதான் கண்ணில் படாது. 'ஔவையார்' என்பதில் ஔ ஒரே எழுத்து. அவசரத்தில் ஒ, ள என்று இரண்டாகத் தட்டி 'ஒளவையார்' ஆக்கிவிடுகிறோம். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவர் வேறு ஆள். கோயில், கோவில் இரண்டுக்கும் இதே கதை. பழைய எழுத்துருவில் ஏற்றிய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டால், சொல்லவே வேண்டாம்.

அப்புறம், ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களை யாரும் பார்ப்பதே இல்லை. நான் இப்போது வாரம் ஒருமுறை பார்க்கிறேன். போன வாரம் ஒருவர் 'அழகர் ஆத்துல இறங்குறது' என்று தட்டியிருந்தார். எங்கள் தலைப்பு 'சித்திரைத் திருவிழா'. அவர் தட்டியதையும் அப்படியே ஏற்றி, ஒரு 'காண்க' போட்டுவிட்டேன்.