வாடகை வீட்டுக்கு எப்போது நோட்டீஸ் கொடுப்பது? இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்து இங்கிலாந்து போய், கொஞ்ச வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு அங்கேயே வீடு பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். 'ஆஃபர் அக்செப்டட்' என்று ஏஜென்ட் போன் பண்ணினதும், சரி வீடு நம்முது ஆயிடுச்சு என்று வாடகை வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள். நான் லீட்ஸில் இருந்துவிட்டு இப்போது கோபியில் இருக்கிறேன். சொந்தக்காரப் பையன்கள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று வாட்ஸப்பில் வந்து கேட்பது பெரும்பாலும் இதுதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச், அதாவது வாங்குகிறவரும் விற்கிறவரும் காண்ட்ராக்டை மாற்றிக்கொள்வது, முடியும்வரை நோட்டீஸ் கொடுக்காதீங்க. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் கணக்கு.

நம்ம ஊரில் விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தம் போட்டு மூன்று மாதமோ ஆறு மாதமோ தவணை எழுதிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பேசினதை மாற்றினால் ஊருக்குள் தலை காட்ட முடியாது என்ற பயமும் விற்கிறவருக்கு இருக்கும். அங்கே ஆஃபரை ஏற்றுக்கொண்டதற்குச் சட்டத்தில் ஒரு பிடியும் கிடையாது. விற்கிறவர் மறுநாளே பத்தாயிரம் பவுண்டு கூடக் கொடுக்கிற ஆளிடம் போகலாம், நீங்களும் வீட்டைப் பரிசோதித்துக் கொடுக்கிற சர்வே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விலகலாம். இரண்டு பக்கத்துச் சொலிசிட்டர்களும் (வக்கீல்கள்) காண்ட்ராக்டை மாற்றிக்கொள்கிற எக்ஸ்சேஞ்ச் அன்றுதான் இரண்டு பேரும் கட்டுப்படுகிறார்கள். வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட் போவதும், சாவி கொடுக்கும் கம்ப்ளீஷன் தேதி எழுதப்படுவதும் அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் ஏஜென்ட் சொல்கிற தேதி எல்லாம் வாய்த் தேதி.

அந்த நாள் வருவதற்குள் மாதக் கணக்கில் ஓடிவிடும். மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆஃபர், சர்வே, அந்த இடத்தைப் பற்றிக் கவுன்சிலில் தேடி எடுத்து வரவேண்டிய 'சர்ச்' விவரங்கள், அப்புறம் விற்கிறவர் போகப்போகிற வீடு, அந்த வீட்டுக்காரர் போகப்போகிற வீடு என்று சங்கிலி நீளும். உங்கள் பக்கம் எல்லாம் ரெடியாக இருந்தும், முகமே தெரியாத யாரோ ஒருத்தருக்காகக் காத்திருப்பீர்கள்.

சரி, நோட்டீஸ் கணக்குக்கு வருவோம். அங்கே ரொம்ப நாளாக இருக்கிற அண்ணன்களைக் கேட்டால் ஒரு மாதம் போதும் என்பார்கள், அது பழைய கணக்கு. 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கட்டாயக் காலம் கிடையாது, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஆனால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கணும், அது முடிகிற நாளும் வாடகைக் காலம் முடிகிற நாளோடு ஒத்து வரணும். ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் குறைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 28 நாள், வேல்ஸில் நான்கு வாரம், அங்கே இருப்பவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை.

இந்த 'ஒத்து வரணும்' என்பதில்தான் காசு போகும். வாடகை மாதம் 1,200 பவுண்டு, ஒவ்வொரு 5ஆம் தேதியும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 18 எக்ஸ்சேஞ்ச், அன்றே நோட்டீஸ், அக்டோபர் 9 கம்ப்ளீஷன். இரண்டு மாதம் நவம்பர் 18இல் முடிகிறது, ஆனால் வாடகைக் காலம் 4ஆம் தேதிதான் முடியும் என்பதால் டிசம்பர் 4 வரை இழுத்துக்கொண்டு போகும். சாவி வாங்கின பிறகும் எட்டு வாரம் பழைய வீட்டுக்கு வாடகை, கிட்டத்தட்ட 2,200 பவுண்டு. அதே எக்ஸ்சேஞ்ச் செப்டம்பர் 4க்குள் முடிந்திருந்தால் நோட்டீஸ் நவம்பர் 4இல் முடிந்து செலவு பாதியாகியிருக்கும். அதனால் சொலிசிட்டரிடம் சும்மா 'சீக்கிரம் பண்ணுங்க' என்று சொல்வதைவிட, உங்கள் வாடகைத் தேதியைச் சொல்லி அதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்ச் முடியுமா என்று கேளுங்கள். தள்ளிப் போனாலும் நோட்டீஸை மட்டும் முந்திக் கொடுக்க வேண்டாம். ஆயிரம் பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய், வீடும் கைநழுவி, ஓனரும் புது ஆளுக்கு அக்ரிமென்ட் போட்டுவிட்டால், குழந்தைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நாள் வாடகை அறையில் கிடக்கணும். கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்க ஓனர் சம்மதம் வேணும், அவர் சம்மதிக்கணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டு பக்கமும் கட்டுகிற இந்த வாடகையைத் தண்டச் செலவாகப் பார்க்காமல் சொலிசிட்டர் பீஸ், சர்வே பீஸ் மாதிரி வீட்டு விலையோடேயே சேர்த்துவிடுங்கள். இரண்டு மாத வாடகையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் டெபாசிட் எவ்வளவு போட முடியும் என்று பார்க்கணும். குறைக்க வழி இல்லாமல் இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஆன அன்றே ஓனரிடம் போன் பண்ணி, புது ஆள் கிடைத்தால் முன்னாடியே விட்டுவிடுகிறேன் என்று மரியாதையாகக் கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். வீடு காட்ட ஒத்துழைக்கிறேன் என்றும் சொல்லுங்கள், பேசி முடித்ததை அன்றைக்கே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவில் நாலைந்து வாரம் வைக்கச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் மார்ட்கேஜ் ஆஃபர் எந்தத் தேதியோடு காலாவதி ஆகிறது என்று முதலில் பாருங்கள். மார்ட்கேஜின் முதல் தவணை பொதுவாக அடுத்த மாதம்தான் வரும், கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அந்த முதல் தவணை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், சாவி வாங்கின நாளில் இருந்து வட்டி சேர்த்துப் போடுவார்கள்.

நண்பர்களோடு ஒரே அக்ரிமென்டில் இருப்பவர்கள் கவனம். நீங்கள் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தால் மொத்த வீட்டுக்குமே முடிந்துவிடும். முதலில் கூட இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

இனி ஊர்ப் பெரியவர்கள் விஷயம். தேதி எல்லாம் முடிவானதும் இங்கிருந்து அப்பா போன் பண்ணுவார். "புரட்டாசில பால் காய்ச்சாத கண்ணு, ஐப்பசி பொறக்கட்டும்." மேலே சொன்ன அக்டோபர் 9 புரட்டாசியில்தான் விழுகிறது. இதற்காகக் கம்ப்ளீஷன் தேதியை மாற்றச் சொல்லி அந்தச் சங்கிலியில் இருக்கிற அத்தனை பேரிடமும் மல்லுக்கு நிற்காதீர்கள், அப்பாவிடமும் சண்டை வேண்டாம். சாவியை வாங்குங்கள், பழைய வீடு டிசம்பர் வரை இருக்கிறது, அக்டோபர் நடுவில் ஐப்பசி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடி போங்கள். அதுவரை புது வீட்டில் பெயிண்ட், கார்ப்பெட் வேலையை முடித்துக்கொள்ளலாம். எப்படியும் கொடுக்கப்போகிற வாடகைக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கும். ஆடிக்கும் இதே கதைதான். மார்கழியில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, அதில் சில நாள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சொலிசிட்டர் ஆபீஸே மூடியிருக்கும். (ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் ஸ்மோக் அலாரம் எங்கே இருக்கிறது என்று முன்னாடியே பார்த்து வையுங்கள்.)

இங்கிருந்து பணம் போகிறது என்றால் அதுவும் தேதியை இழுக்கும். அப்பா தோட்டத்தைக் கிரயம் பண்ணி அனுப்புகிறார் என்றால் அங்கத்தி சொலிசிட்டர் பத்திர நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்பார், பத்திரம் தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். மார்ட்கேஜ் கொடுக்கிறவர், இது கடன் இல்லை, அன்பளிப்பு என்று கடிதம் கேட்பார். இங்கே இருக்கிற ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் அனுப்ப முடியும். ஆஃபர் போடுவதற்கு முன்னாலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் உங்கள் பேரிலோ மனைவி பேரிலோ வீடு இருந்தால் அங்கத்தி சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முத்திரைத் தீர்வையில் முதல் வீடு வாங்குபவருக்கு 300,000 பவுண்டு வரை இருக்கிற விலக்கு, உலகத்தில் எங்கேயும் இதுவரை வீடு வைத்திருந்திராதவருக்குத்தான். ஊர் வீட்டில் உங்கள் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் கூடுதலாக 5 சதவீதமும் விழலாம். வெறும் காடு தோட்டம் என்றால் அது குடியிருப்பில் சேராது, அதில் சாளை (தோட்டத்து வீடு) இருந்தால் அதையும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, பழைய வீட்டை ஒப்படைப்பது. 'கடைசி மாச வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கங்க' என்கிற நம்ம ஊர்ப் பழக்கம் அங்கே வேண்டாம், அது வாடகை பாக்கியாகத்தான் பதிவாகும். வாடகை வீட்டுக்குக் கொடுத்த டெபாசிட் ஓனரிடம் விளையாடுகிற பணம் இல்லை, அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவாகியிருக்கும். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கவும் முடியாது. வீட்டைக் காலி செய்த பிறகுதான் அது வரும், அதனால் புது வீட்டுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். இங்கே மாதிரி பெயிண்டிங் செலவுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாத வாடகையைப் பிடிக்க முடியாது, புழங்கினதால் வருகிற தேய்மானம் ஓனர் பாடு. ஆனால் க்ளீனிங்குக்குப் பிடிப்பார்கள், நம்ம ஆட்களிடம் அதிகம் பிடிப்பது அடுப்படியில்தான். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கியின் வலையைக் கழற்றிப் பாருங்கள், தாளித்த எண்ணெய் எல்லாம் தேன் மாதிரி அங்கேதான் கட்டி நிற்கும். அதையும், மேடையில் இருக்கிற மஞ்சள் கறையையும், ஓவனின் உள்பக்கத்தையும் முடித்துவிட்டு, போகும்போது அறை அறையாக வீடியோ எடுங்கள். கரண்ட் மீட்டர், கேஸ் மீட்டர், தண்ணி மீட்டர் இருந்தால் அதுவும், இரண்டு வீட்டிலும் தேதியோடு போட்டோ எடுத்துக் கவுன்சிலுக்கும் கம்பெனிகளுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். புது வீட்டுக் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் மட்டும் சாவி வரும்வரை காத்திருக்காமல் எக்ஸ்சேஞ்ச் அன்றே ஓடணும், மார்ட்கேஜ்காரர் அதைக் கேட்பார்.