நர்சிங் சேரும் மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், கொடைக்கானல் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி: "நர்சிங்குக்கு எந்தக் காலேஜ் நல்லது?" இந்தக் கேள்விக்கான பாதி விடை, இரண்டு வருடம் முன்பு பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே முடிவாகியிருக்கும். மீதிப் பாதி, அந்தக் காலேஜ் தன் பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் கவனிக்காமல், பளபளக்கும் நோட்டீஸையும் ஹாஸ்டல் போட்டோவையும் பார்த்து முடிவெடுக்கும் குடும்பங்கள்தான் பிறகு சிரமப்படுகின்றன.

குரூப் எடுக்கும்போது

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். கூட்டு மதிப்பெண் 45 சதவீதம்; பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படிக்கும் ப்யூர் சயின்ஸ் குரூப்பும் செல்லும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சின்ன வயதிலேயே பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைகள் இந்த ஒரு வரியில் சீட்டை இழப்பதுண்டு.

எஸ்டேட் பக்கத்தில், நடந்து போகிற தூரத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுவார்கள். பஸ் வசதி அப்படி. ஆனால் உயிரியல் இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம் என்று எடுத்துவிட்டால் பி.எஸ்சி. நர்சிங் கதவு மூடிவிடும். இதைவிடப் பெரிய குழப்பம், பெயரிலேயே நர்சிங் இருக்கும் குரூப்புகளால் வருகிறது. பெயரை நம்ப வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற மூன்று பெயரும் அச்சாகி வருமா என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். வராது என்றால் அந்தக் குரூப் பி.எஸ்சி.க்கு உதவாது.

உயிரியல் இல்லாமல் முடித்தவர்களுக்கும் வழி உண்டு. மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ கவனிப்பு) டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்தக் குரூப்பையும் ஏற்கிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சியும் மொத்தத்தில் 40 சதவீதமும் வேண்டும். அதை முடித்துப் பதிவு பெற்றபின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் பட்டம் கையில். மொத்தம் ஐந்து ஆண்டு. இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் உயிரியலைத் தனிப் பாடமாக எழுதுவது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. இதில் நடக்கும் தவறுகள் இரண்டு. தியரி எழுதிவிட்டுப் பிராக்டிக்கலை விட்டுவிடுவார்கள். அல்லது, இப்படிப் பின்னால் சேர்த்து எழுதிய பாடத்தைத் தாங்கள் குறிவைத்த காலேஜ் ஏற்குமா என்று கேட்காமலே பணம் கட்டிவிடுவார்கள். முதலில் அந்தச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

"பாஸ் ஆனால் போதும்"

போதாது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன, நீட் கேட்பதில்லை. உயிரியல் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி என்று 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள். உயிரியலில் 82, இயற்பியலில் 64, வேதியியலில் 70 என்றால் 82 + 32 + 35, ஆக 149. உயிரியலில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முழுதாகச் சேரும், மற்ற இரண்டில் கூடுவது பாதிதான் சேரும். தமிழில் 95 எடுத்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

உயிரியலில் 52, இயற்பியலில் 38, வேதியியலில் 40 எடுத்தவரும் பாஸ்தான். கூட்டினால் 300-க்கு 130, அதாவது 43 சதவீதம். பொதுப் பிரிவில் இவரால் விண்ணப்பிக்கவே முடியாது. பிராக்டிக்கல் 20, அகமதிப்பீடு 10 வந்துவிடும் என்ற தைரியத்தில் 70 மதிப்பெண் தியரியை விட்டுவிடுவதால் இப்படி ஆகிறது.

நீட் வேண்டாம் என்பதையும் அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்மரும், பெண்களுக்கான ராணுவ நர்சிங் சேர்க்கையும் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. எய்ம்ஸ் தனித் தேர்வு வைக்கிறது. ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டன் பக்கத்தில் வளர்ந்து ராணுவ நர்ஸ் ஆகும் ஆசையோடு இருக்கும் பெண், பிளஸ் டூ படிக்கும்போதே நீட்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும். ரிசல்ட் வந்தபின் யோசித்தால் ஒரு வருடம் போய்விடும்.

வேறு பட்டம் முடித்தவர்கள்

பி.எஸ்சி. விலங்கியலோ மைக்ரோபயாலஜியோ முடித்துவிட்டு, "நேரே எம்.எஸ்சி. நர்சிங் சேரலாமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்தியாவில் முடியாது. எம்.எஸ்சி. நர்சிங்குக்கு பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பட்டம், கவுன்சில் பதிவு, 55 சதவீதம், ஓராண்டுப் பணி அனுபவம் எல்லாம் வேண்டும். அனுபவச் சான்று மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பணி நியமன ஆணையையும் சம்பளப் பதிவையும் தொலைத்துவிடாதீர்கள். சரிபார்க்கும்போது அவற்றையும் கேட்பார்கள்.

அமெரிக்காவில் வேறு துறைப் பட்டதாரிகளை நேரே முதுகலை நர்சிங்கில் சேர்க்கும் படிப்புகள் உண்டு. அங்கே முன்பாடங்கள் கேட்பார்கள்: ஆய்வகத்தோடு உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், ஆய்வகத்தோடு மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், ஊட்டச்சத்து, வளர்ச்சி உளவியல். பல பல்கலைக்கழகங்கள் அறிவியல் பாடங்களுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுதான் ஆயுள் தருகின்றன. பத்து வருடம் முன்பு படித்த விலங்கியலை நம்பிச் செலவில் இறங்குவதும், ஆய்வகம் இல்லாத ஆன்லைன் பாடத்தை முடித்துக்கொண்டு போய் நிற்பதும் இங்கே நடக்கும் தவறுகள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பட்டியலும் வேறு. எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை முடிவு செய்துகொண்டு பாடங்களைத் தொடங்குங்கள்.

ஒரு வருட "நர்சிங்"

இது மனதை மிகவும் வருத்தும் தவறு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, "ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று போர்டு. சேரும் பெண்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். நர்ஸ் ஆக, ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவியாளர் படிப்பு) என்றால் இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நான்கு படித்தாக வேண்டும். இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்தால்தான் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்கும். பதிவு எண் இல்லாதவர் உதவியாளராக வேலை பார்க்கலாம். அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ மேல்படிப்புக்கோ அந்தச் சான்றிதழ் செல்லாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "முடித்தால் கவுன்சில் பதிவு கிடைக்குமா?" 'வேலை வாங்கித் தருகிறோம்' என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

காலேஜைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் லேபையும் மெஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் வார்டில்தான் கற்றுக்கொள்ள முடியும். கவுன்சில் விதி ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் கேட்கிறது. படுக்கைகளில் முக்கால்வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. 100 படுக்கை என்று போர்டில் இருந்து, 20 பேர் படுத்திருந்தால் அங்கே போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகும் பிள்ளை நாள் முழுக்க பெட்ஷீட் மடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வேலை நாள் காலையில் பத்து மணிக்குப் போய் மெடிக்கல் வார்டு, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு மூன்றையும் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவியிடம் பேசுங்கள். "எத்தனை பிரசவம் பார்த்தீர்கள்? மனநலப் போஸ்டிங் எங்கே?" என்று கேட்டாலே காலேஜின் தரம் தெரிந்துவிடும்.

மலைக்கென்று ஒரு சலுகை விதியில் இருக்கிறது. இணைப்பு ஆஸ்பத்திரி சமவெளியில் 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 50 வரை போகலாம். காகிதத்தில் அது சின்ன வித்தியாசம். உதகையிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம் ஆகும், மழையில் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. காலை ஏழரை மணிப் போஸ்டிங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், காலேஜ் பஸ் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் சேரும் முன்பே கேளுங்கள். அட்டெண்டன்ஸ் தியரிக்கு 80 சதவீதம் போதும். ஆனால் பட்டம் வாங்க ஒவ்வொரு வார்டுப் பயிற்சியிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். தவறிய நாட்களைத் திரும்பச் செய்துதான் தீர வேண்டும்.

ஏஜென்ட்டும் ஒரிஜினலும்

பந்தலூர், கூடலூர் பக்கம் பெங்களூரு, மைசூரு காலேஜ்களுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டுகள் மே மாதமே வந்துவிடுவார்கள். வெளி மாநிலத்தில் படிப்பது தப்பில்லை. அங்கே முடித்தவர் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக்குப் பதிவை மாற்ற வேண்டும் என்பதை ஏஜென்ட் சொல்வதில்லை. அவர் சொல்லும் "மொத்தக் கட்டணம்" என்ற தொகையில் ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், போஸ்டிங் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று நான்கு ஆண்டுக்கும் வரிவரியாக எழுதி, காலேஜ் முத்திரையோடு வாங்குங்கள். பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் காலேஜ் கணக்கில் கட்டுங்கள்.

டி.சி.யைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் சரிபார்த்தபின் உங்களிடம் திரும்ப வர வேண்டியவை. பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தில், பாதியில் விலக நினைக்கும் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

சாதிச் சான்றில் மலைப் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், பழனி மலைப் பளியர் என்று பழங்குடியினருக்கான சான்றைக் கோட்டாட்சியர் தருகிறார். தாசில்தார் அலுவலகத்தில் வேலை முடியாது, நேரில் விசாரணையும் உண்டு. ரிசல்ட் வந்தபின் மனுக் கொடுத்தால் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வையுங்கள். கேரளாவில் சில வகுப்புகள் படித்த எல்லைப் பகுதிப் பிள்ளைகள் இருப்பிடச் சான்றையும் தயாராக வைத்திருங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கூடலூர்ப் பக்கம் கரண்டும் நெட்வொர்க்கும் சேர்ந்து போகும். கடைசித் தேதி வரை காத்திருக்காமல், இணையதளம் திறந்த முதல் வாரத்திலேயே பதிவேற்றிவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 கிடைக்கும். அதற்கும் காலேஜ் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சீட் கிடைத்ததும் அறிவியலை மறப்பது

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும், இரண்டாவதில் உயிர்வேதியியல், மூன்றாவதில் மைக்ரோபயாலஜி, மருந்தியல், நோய்க்குறியியல். தியரியிலும் பிராக்டிக்கலிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எல்லா அரியரையும் சேர்த்துப் படிப்பை முடிக்க அதிகபட்சம் எட்டு ஆண்டு.

கணிதம் இல்லாத குரூப்பில் வந்தவர்கள் தடுமாறும் இடம், டிரிப் கணக்கு. 500 மில்லி சலைன், 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. அதே 21-ஐ, பாக்கெட்டைப் பார்க்காமல் 60 சொட்டு மைக்ரோ செட்டில் ஓட விட்டால் 8 மணி நேர டிரிப் முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். செட் பாக்கெட்டில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்தபிறகு கணக்குப் போடுங்கள்.

இயற்பியல் எதற்கு என்பதற்கு உதகையே விடை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதிக்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவுக்கு 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று புத்தகம் சொல்வது கடல் மட்டக் கணக்கு. அதன் அழுத்தமானி காட்டுவது, வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதை. உதகையில் 15 பவுண்டில் நிறுத்தினால் உள்ளே 117 டிகிரிதான் இருக்கும். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்டினால் இங்கே 18.5 பக்கம் வர வேண்டும். அதனால் மலையில் அழுத்தத்தை மட்டும் பார்க்காமல் வெப்பமானியையும், சூட்டில் நிறம் மாறும் இண்டிகேட்டர் டேப்பையும் பார்க்க வேண்டும். கருவி அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படத் தேவையில்லை, ஆனால் பிளஸ் டூ தேர்வு முடிந்த நாளிலிருந்து காலேஜ் திறக்கும் வரை கிடைக்கும் விடுமுறையை வீணாக்கக் கூடாது. சிறுநீரகத்துக்கு 'ரீனல்', 'நெஃப்ரோ', கல்லீரலுக்கு 'ஹெபாட்டிக்', 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி என ஒரு நோட்டில் தினம் பத்துச் சொல் எழுதிப் பழகுங்கள். 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஹைப்பர்கலீமியா, குறைந்தால் ஹைப்போகலீமியா. மாற்றிக் கேட்டு, ஏற்கெனவே கூடியிருப்பவருக்குப் பொட்டாசியம் ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

அதே விடுமுறையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபரில் முடியும். காலேஜில் சேர்ந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று விடுபவர்கள், முழுப் பாதுகாப்பு வருவதற்குள் ஊசியும் ரத்தமும் கையாளும் வார்டில் நிற்பார்கள்.